பிசைதலும் கூட்டுதலும்

ஒரு குறியீடு மாறினால் பொருள் மாறிவிடும் என்பதை அரபிக் கல்லூரியில் முதலாண்டு இலக்கணம் பயிலும் மாணவனும் அறிவான். சொல்லின் இறுதியில் உள்ள ஒரு 'பேஷ்' 'ஜபர்' ஆகிவிட்டால், அடித்தவன் அடிபட்டவனாகிவிடுவான். இதனைப் பல்லாண்டுகளாகப் பிறர்க்குக் கற்பித்து வரும் எனக்கு, அதே பாடத்தை என் வீட்டு அடுக்களையில் ஒரு தட்டுப் பிஸ்கோத்தின் முன் நின்று மறுபடியும் கற்க நேர்ந்தது.

இலக்கிய இதழில் பிஸ்கோத்துக்கு என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். கவிதையைத் திறனாய்கிறோம், கதையைத் திறனாய்கிறோம், சமையற் குறிப்பை மட்டும் எவரும் திறனாய்வதில்லை. ஆயினும் அதுவும் ஓர் எழுத்து வகையே. ஒருவர் கையில் உள்ள வித்தையை, அவரைக் கண்டிராத இன்னொருவர் கைக்குச் சொற்களாலேயே கொண்டு சேர்க்க முயலும் எழுத்து அது. கவிதை பழுதானால் சுவை குன்றும், அவ்வளவே. குறிப்பு பழுதானால் நெய்யும் சர்க்கரையும் பாழாவதோடு, ஒரு தாயின் கைப்பக்குவம் அவரோடே மண்ணுக்குள் போய்விடும். இரண்டாவது இழப்பே பெரிது.

யான் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்ளும் முதல் ஏடு அச்சேறிய நூலன்று. கோடிட்ட பயிற்சிப் புத்தகத்தின் ஒரு பக்கம். எழுதியவன் நானே. ஆதலால் கண்டிப்பதில் எவர் மனமும் நோகாது.

என் தாயார் தமிழ் எழுத்துகளைப் படிக்க அறியாதவர். அவர் தலைமுறையைச் சேர்ந்த முஸ்லிம் பெண்மணிகள் பலரைப் போல் அரபுத்தமிழில் அச்சிட்ட மார்க்க நூல்களைத் தங்குதடையின்றி ஓதுவார். தமிழ் நெடுங்கணக்கு அவருக்குப் பழக்கமில்லை. பெருநாள்தோறும் அவர் சுடும் நான்கத்தாய் எங்கள் தெருவில் பெயர் பெற்றது. நாங்கள் வாழ்வது திருத்தணி. மலைமீது முருகன் கோயிலும், ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகளும், புலால் உண்ணாத குடும்பங்கள் பலவும் உள்ள ஊர். நோன்புப் பெருநாளன்று எதிர்வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நாங்கள் பிரியாணி அனுப்ப இயலாது. முட்டை சேராமல், நெய்யும் மாவும் சர்க்கரையும் ஏலமும் மட்டுமே சேர்ந்த நான்கத்தாய்த் தட்டுத்தான் போகும். தீபாவளியன்று அத்தட்டு வேறு பலகாரத்தோடு திரும்பி வரும். ஒரு தெருவின் நல்லுறவு ஒரு தட்டில் ஏறிச் சென்று வந்தது என்றால் மிகையாகாது.

தாயார் தளர்ந்திருந்த நாளில் ஒருமுறை என்னை அருகே அழைத்து, "நான் சொல்றதை எழுதிக்கப்பா, பின்னாலே பிள்ளைங்களுக்கு உதவும்" என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். சில ஆண்டுகளில் அவர் வஃபாத்தானார். அல்லாஹ் அவர்களின் பிழைகளைப் பொறுத்தருள்வானாக. ஏடு பெட்டியில் கிடந்தது. ஆண்டுகள் கழித்து என் மகள் அதை எடுத்துப் பெருநாளுக்கு முந்தைய இரவில் சுட்டபோது, தட்டில் வந்தவை நான்கத்தாய் அல்ல. மேலெல்லாம் சிவந்து, தேநீரில் தோய்த்தாலும் இளகாத வில்லைகள் அவை. அவ்வாண்டு எதிர்வீட்டுக்குக் கடைப் பொட்டலம்தான் போயிற்று.

அப்பெருநாளுக்கு ஆம்பூரிலிருந்து வந்திருந்த என் சிற்றன்னையார் ஏட்டைப் படித்துக் காட்டச் சொன்னார். கேட்டுவிட்டு, "உங்கம்மா எங்கேப்பா மாவைப் பிசைஞ்சாங்க? கூட்டித்தானே சேர்ப்பாங்க!" என்றார். அந்த ஒரு சொல்லில்தான் குற்றம் பிடிபட்டது. சகோதரியின் பக்கத்திலிருந்து பலமுறை உடன் செய்தவராதலால் வரிவரியாகத் திருத்தினார். திருத்தத் திருத்த, நான் செய்த வேலை எனக்கே வெட்கத்தைத் தந்தது.

தாயார் சொன்னது, 'உறைந்த நெய்'. நான் எழுதியது, 'நெய்'. தாயார் சொன்னது, 'மாவைக் கூட்டு. பிடித்தால் பிடி நிற்கணும், தட்டினால் உதிரணும்'. நான் எழுதியது, 'தேவையான அளவு மாவு சேர்த்து நன்கு பிசையவும்'. தாயார் சொன்னது, 'மேலே வெளுத்தே இருக்கும், அடி மட்டும் லேசாகச் சிவக்கும்'. நான் எழுதியது, 'பொன்னிறமாகும் வரை சுடவும்'. தாயார் சொன்னது, 'ஆறுகிற மட்டும் கை வைக்காதே'. நான் அதை எழுதவே இல்லை. இது ஒரு செய்தியா என்று விட்டிருக்க வேண்டும்.

கல்வி கற்றவன் என்ற எண்ணத்தில், பேச்சு வழக்கை 'நல்ல தமிழாக' மாற்றினேன். மாற்றியதில் மொழி துலங்கிற்று, வித்தை அழிந்தது. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளரிடம் நேர்மை இருந்தால் மட்டும் போதாது. கேட்டதைக் கேட்டவாறே காக்கும் 'ளப்த்' வேண்டும் என்பர். அறிவிப்பாளர் தம் சொந்தச் சொல்லை மூலத்தோடு கலந்துவிட்டால் அதற்கு 'முத்ரஜ்' என்று பெயர். சமையற் குறிப்பைப் பெருமானார் (ஸல்) அவர்களின் பொன்மொழிக்கு நிகராக்குவதாக எவரும் கருத வேண்டா. ஒழுங்கைப் புரிந்துகொள்ளவே சொல்கிறேன். என் ஏட்டில் 'பொன்னிறம்' என்பது இடைச்செருகல். அது என் தாயாரின் சொல்லன்று. வார இதழ்களில் படித்துப் படித்து என் பேனாவில் ஏறியிருந்த சொல்.

இனி முன்னோர் நூல்களைப் பார்ப்போம். பாகசாத்திரத்தில் அரபு மொழி வளமுடையது. 10ஆம் நூற்றாண்டில் பகுதாதில் இப்னு ஸய்யார் அல்வர்ராக் தொகுத்த 'கிதாபுத் தபீக்' கலீஃபாக்களின் அடுக்களைகளில் வழங்கிய குறிப்புகளோடு உணவைப் பற்றிய கவிதைகளையும் சேர்த்துத் தரும் பெருநூல். அதே பெயரில் ஹிஜ்ரி 623இல், அதாவது கி.பி. 1226இல், முஹம்மத் இப்னுல் ஹஸன் அல்பக்தாதி எழுதிய நூல் சிறியது, ஆனால் செறிவானது. இன்பங்களை உணவு, பானம், உடை, மண உறவு, நறுமணம், இசை என ஆறாக வகுத்து, உணவே அவற்றுள் தலையாயது என்று தொடங்குகிறார் ஆசிரியர். சமைப்பவன் நகம் வெட்டியிருக்க வேண்டும், பாத்திரத்தைச் செங்கற்பொடியால் தேய்க்க வேண்டும் என்பன போன்ற அறிவுரைகளையும் முன்னே வைக்கிறார்.

அந்நூல் எழுதப்பட்ட 32 ஆண்டுகளில், 1258இல், தார்த்தாரியர் படையெடுப்பில் பகுதாது அழிந்தது. அடுப்புகளும் அடுப்பருகே நின்றோரும் போயினர். ஏடு மட்டும் தப்பி இஸ்தான்பூல் சேர்ந்தது. 1934இல் மோசூல் நகரில் அச்சேறிற்று. 1939இல் ஆர்பெர்ரி என்னும் அறிஞர் அதை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அப்பெயர்ப்பு வெளிவந்தது இலண்டன் இதழிலன்று. நம் பக்கத்து ஹைதராபாதிலிருந்து வந்துகொண்டிருந்த 'இஸ்லாமிக் கல்ச்சர்' என்னும் காலாண்டிதழில். மார்மடியூக் பிக்தால் அவர்களை முதல் ஆசிரியராகக் கொண்டு 1927இல் தொடங்கிய இதழ் அது. பகுதாதின் பலகாரம் தக்காணத்தின் வழியே உலகுக்குப் போயிற்று என்பதை நம்மவர் பலர் அறியார்.

அந்நூலில் 'குஷ்கனானஜ்' என்றொரு பண்டம் உண்டு. பெயர் பாரசீகம்; 'குஷ்க்' என்றால் உலர்ந்தது, 'நான்' என்றால் ரொட்டி. உலர்ரொட்டி என்க. ஆசிரியர் தரும் முறையின் சாரம் இது: ஒரு ரத்தல் வெள்ளை மாவுக்கு மூன்று ஊக்கியா நல்லெண்ணெய், கெட்டியாகப் பிசைந்து புளித்து எழும்பவிட்டு, நீளமாக உருட்டி, நடுவே வாதுமைப் பொடியும் பன்னீர் கலந்த சர்க்கரையும் பொதிந்து அடுப்பில் சுட வேண்டும், வாதுமை, சர்க்கரையில் பாதி. ஒரு ரத்தல் என்பது 12 ஊக்கியா. ஆகவே மாவில் கால் பங்கு எண்ணெய். ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகள் கழித்தும் நாம் கணக்குப் போட முடிகிறது என்றால், அதுவே அந்நூலின் சிறப்பு. அளவில் மோசம் செய்வோருக்குக் கேடு என்று எச்சரித்துத் தொடங்கும் 'அல்முதஃப்பிஃபீன்' அத்தியாயத்தை ஓதி வளர்ந்த சமுதாயத்தின் எழுத்து, அளவை அமானத்தாகக் கருதியதில் வியப்பில்லை.

ஆனால் குறையும் உண்டு. எவ்வளவு சூட்டில், எத்துணை நேரம், வெந்ததற்கு அடையாளம் யாது என்பதை அப்பண்டத்துக்கு அவர் சொல்லவில்லை. அடுப்பைக் காக்கும் ஆள் தனியே இருந்த நகரத்தில் அதைச் சொல்லத் தேவையில்லை என்று கருதினார் போலும். அளவு காத்த நூல், பதத்தை விட்டுவிட்டது.

தமிழுக்கு வருவோம். 1951இல் வெளிவந்த எஸ். மீனாட்சி அம்மாள் அவர்களின் 'சமைத்துப் பார்' தமிழகத்துப் புதுமணப் பெண்களின் சீர்வரிசையில் இடம்பெறும் அளவுக்குப் பரவிய நூல். உறவுப் பெண்கள் கடிதம் எழுதி வழி கேட்க, அம்மையார் விடை எழுத, இதையே நூலாக்கலாமே என்று பெரியவர் ஒருவர் தூண்ட, அந்நூல் பிறந்ததாக வரலாறு. அதன் வலிமை முழுவதும் அப்பிறப்பில் இருக்கிறது. கேள்வி கேட்டவர் எங்கே தடுமாறுவார் என்பது எழுதியவருக்குத் தெரிந்திருந்தது. கண்முன் ஒரு மாணவி இல்லாமல் எழுதப்படும் குறிப்பு, கேட்போர் இல்லாத பயான் போன்றதே.

நம் சமுதாயத்திலோ நிலை வேறு. வட்டிலாப்பமும் தம்ரூட்டும் தொதலும் நான்கத்தாயும் நம் பெண்டிர் கையில் தழைத்தன. அவற்றை எழுத்தில் வைக்கும் முயற்சிக்கு ஆடவராகிய நாம் மதிப்பளிக்கவில்லை. நம்மவர் அரபுத்தமிழில் தப்ஸீரும் ஃபிக்ஹும் பாடல்களும் எழுதிக் குவித்தனர்; அடுக்களைக்கு அதே உழைப்பை எவரும் தந்திலர். பொறுப்பைப் பெண்கள் மீது சுமத்துவது முறையன்று. எழுதுகோல் எங்களிடம் இருந்தது.

இன்று அந்த இடத்தை நிரப்புவன வார இதழ்களின் சமையல் இணைப்புகள். அவை செய்யும் தொண்டை மறுக்கவில்லை. ஆயினும் பிஸ்கோத்துக் குறிப்புகளில் நான்கு குற்றங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதற்குற்றம், 'தேவையான அளவு'. குழம்பில் இது பொறுக்கத்தக்கது. உப்புக் குறைந்தால் இடையில் சேர்க்கலாம். சுடும் பண்டத்தில் தட்டு உள்ளே போனபின் கைக்கு வேலையில்லை. எல்லாத் தீர்மானமும் முன்னரே முடிந்துவிடுகிறது. திருத்த இயலாத இடத்தில் அளவைச் சொல்லாமல் விடுவது அநீதி.

இரண்டாவது, 'ஒரு கப்'. சலித்து மெல்லத் தூவிய மைதா ஒரு கோப்பையில் 120 கிராம் அளவே நிற்கும்; அழுத்தி அள்ளினால் 150 கிராம்வரை போகும். நெய்யின் அளவு மாறாதபோது மாவு கால் பங்கு கூடினால் பண்டம் வேறாகிவிடும். ஆழாக்கும் பலமும் போய், 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி மெட்ரிக் அளவைகள் வந்து இத்தனை காலமாகியும், நம் குறிப்புகள் எடைக்கு வர மறுக்கின்றன. மளிகைக் கடையில் ஐம்பது கிராமுக்குச் சண்டையிடும் நாம், அடுக்களையில் அதை மறந்துவிடுகிறோம்.

மூன்றாவது, 'நெய் அல்லது வெண்ணெய் அல்லது டால்டா' என்று ஒரே மூச்சில் எழுதுவது. இம்மூன்றும் ஒன்றல்ல. நெய் கிட்டத்தட்ட முழுவதும் கொழுப்பு. வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு அளவு நீர். அந்நீர் மாவில் உள்ள புரதத்தோடு சேர்ந்து குளூட்டன் என்னும் இழுபடும் பசையை உண்டாக்கும்; பண்டம் உதிராமல் இறுகும். வனஸ்பதியைப் பற்றியோ தனியே எச்சரிக்க வேண்டும். அதில் உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு இதய நோய்க்கு வழிகோலுவது. எண்ணெய், கொழுப்பு வகைகளில் அது 2 விழுக்காட்டுக்கு மேல் இருத்தலாகாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜனவரி முதல் வரம்பிட்டிருக்கிறது. மலிவு கருதிப் பழைய குறிப்புகளில் ஏறிய சொல்லை இன்றும் கண்மூடிப் படியெடுப்பது, குழந்தைகள் உண்ணும் பண்டத்தில் பொறுப்பின்மை.

நான்காவது, நான் செய்த அதே குற்றம்: 'பொன்னிறம்'. வடைக்கும் வெங்காயத்துக்கும் ஏற்ற சொல்லை எல்லாப் பண்டத்துக்கும் பூசிவிடுகிறார்கள். நான்கத்தாய் பொன்னிறமானால் உள்ளிருந்த ஈரமெல்லாம் போய்விட்டது என்று பொருள். வெளுத்த மேற்புறத்தில் மெல்லிய வெடிப்பும், அடியில் இளஞ்சிவப்பும், வீட்டில் பரவும் நெய்மணமுமே அதன் அடையாளம்.

இனி, கட்டுரைத் தலைப்பாக நின்ற சொற்களுக்கு வருகிறேன். பிசைதல் என்பது அழுத்தி, இழுத்து, மடக்கி, மாவுக்கு வலு ஏற்றுவது. பரோட்டாவுக்கு அது வேண்டும். கூட்டுதல் என்பது சிதறியதை அழுத்தாமல் ஒன்று சேர்ப்பது. நான்கத்தாயில் முதலில் நெய் மாவுத் துகள்களைச் சூழ்ந்துகொள்ள வேண்டும். அப்போது அவை ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளா. கடித்தால் வாயில் உதிரும். 'நன்கு பிசையவும்' என்று எழுதியவன், இந்த இயல்பின் மீது கல்லைப் போட்டவனாகிறான்.

இவ்வேறுபாட்டை அரபு மொழி தனி வினைகளாகவே வைத்திருப்பதைப் பிற்பாடு எண்ணி நாணினேன். நீர்விட்டுப் பிசைவதற்கு 'அஜன' என்று வினை. மாவையோ வறுத்த தானியப் பொடியையோ நெய்யிலும் எண்ணெயிலும் கலந்து சேர்ப்பதற்கு 'பஸ்ஸ' என்று வேறொரு வினை. அவ்வாறு சேர்த்த பண்டம் 'பஸீஸா'. மறுமை நாளில் மலைகள் தூளாக்கப்படும் நிலையைச் சொல்ல 'அல்வாகிஆ' அத்தியாயத்தின் தொடக்கத்தில் வரும் வினையும் இதுவே. விரிவுரையாளர்கள் அதற்குப் பொருள் சொல்லுமிடத்து, நொறுக்கிப் பொடியாக்குதல் என்றும், மாவு நெய்யில் கலக்கப்படுவதுபோல் ஆதல் என்றும் இரு வகையாக விளக்குவர். கொழுப்போடு கலந்தது உதிரும் என்னும் அடுக்களை அனுபவம் ஒரே சொல்லில் அடங்கியிருக்கிறது. அந்தத் தப்ஸீரை ஆண்டுதோறும் மாணவர்க்கு ஓதிக்கொடுத்த நான், அதே வேறுபாட்டை என் தாயார் நல்ல தமிழில் சொன்னபோது காதில் வாங்கவில்லை. அவர் 'கூட்டு' என்றார். எனக்கு அது எளிய சொல்லாகப் பட்டது.

எளிய சொற்களின் ஆற்றலுக்கு எங்கள் ஊரே சான்று. சித்தூர் மாவட்டத்தோடிருந்த திருத்தணி, ம.பொ.சி. முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் முதல் நாள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைக் கோடு மாறியதால் அடுக்களைகள் பிரியவில்லை. இன்றும் எங்கள் தெருவில் தமிழும் தெலுங்கும் உருதும் கலந்து ஒலிக்கும். சர்க்கரைப் பாகை இரு விரலிடையே தொட்டுப் பார்க்கும் தமிழ்ப் பெண் 'கம்பிப் பதம்' என்பாள். தெலுங்குப் பெண் 'தீக பாகம்' என்பாள். உருது பேசும் பெண் 'ஏக் தார்' என்பாள். கம்பி, தீக, தார் ஆகிய மூன்றும் ஓர் இழையையே குறிக்கின்றன. பாகு திரண்டு நிலைகொள்வதை அரபு நூல்கள் 'கிவாம்' என்னும். எந்த இலக்கணியும் கூட்டி வைத்து முடிவு செய்த கலைச்சொற்கள் அல்ல இவை. விரலும் கண்ணும் கண்டவற்றுக்கு வாய் இட்ட பெயர்கள். இவற்றை நீக்கிவிட்டுத் 'தகுந்த பதம் வந்ததும்' என்று எழுதுவது மொழிவளம் அன்று, மொழியிழப்பு.

பண்டத்தின் பெயர்களும் இவ்வாறே நாடு சுற்றி வந்தவை. 'பிஸ்கோத்து' போர்த்துகீசியர் வழி வந்தது. இருமுறை சுட்டது என்பது அதன் வேர்ப்பொருள். 'நான்கத்தாய்' பாரசீக 'நான்' என்னும் சொல்லோடு, சீனத்தைக் குறித்த 'கத்தா' என்னும் பழம்பெயர் சேர்ந்தது என்பர். இலங்கையில் இதையே 'ஞானகதா' என்பாரும் உண்டு. ரொட்டிச் சூளையை இலங்கைத் தமிழர் 'போறணை' என்பர். அது போர்த்துகீசிய 'ஃபோர்னோ'. அரபியில் அதற்கு 'ஃபுர்ன்'. இரண்டும் ஒரே பழஞ்சொல்லின் கிளைகள். இத்தனை கடல் கடந்து வந்த பெயர்கள் சிதையாமல் நிற்க, ஓர் அறைக்குள் தாயிடமிருந்து மகனுக்கு வந்த நான்கு சொற்கள் சிதைந்தன என்பதை நினைத்தால் வேதனையாகத்தான் இருக்கிறது.

சிதையாமல் காக்க வழி உண்டா? உண்டு; அதுவும் நம் கல்வி மரபிலேயே உண்டு. ஆசிரியர் சொல்ல மாணவன் எழுதுவதோடு பாடம் முடிவதில்லை. எழுதியதை ஆசிரியர் முன் திரும்ப ஓதிக்காட்ட வேண்டும். அதற்கு 'அர்ள்' என்று பெயர். நான் அதைச் செய்யவில்லை. தமிழ் படிக்க அறியாத தாயாருக்கு நான் எழுதியது என்னவென்று தெரிய வழியே இல்லை. ஐந்து நிமிடம் படித்துக் காட்டியிருந்தால், "பிசைன்னு யாருப்பா சொன்னது?" என்று அன்றே கேட்டிருப்பார்.

சிற்றன்னையார் திருத்திய ஏட்டை இப்போது அவருக்கே இருமுறை ஓதிக்காட்டினேன். பிறகு அடுப்பருகே அதிகம் பழகாத என் இளைய மகனிடம் கொடுத்து, எவரும் வாய் திறவாமல், அவனைச் சுடச் சொன்னோம். அவன் தடுமாறிய இரண்டு இடங்களில் மேலும் இரண்டு வரிகள் சேர்ந்தன. அவ்வாறு தேறிய குறிப்பை வாசகர் முன் வைக்கிறேன், தவறிருப்பின் திருத்துக.

உறைந்த நெய் 100 கிராம், பொடித்துச் சலித்த சர்க்கரை 100 கிராம், சலித்த மைதா 200 கிராம், ஆப்பச்சோடா இரண்டு சிட்டிகை, உப்பு ஒரு சிட்டிகை, ஏலப்பொடி அரைத் தேக்கரண்டி. சோடாவையும் உப்பையும் ஏலத்தையும் மைதாவோடு முன்னரே கலந்து வைக்க. நெய் உருகியிருத்தலாகாது, உருகியிருந்தால் உறையவிட்டே தொடங்குக. நெய்யையும் சர்க்கரையையும் அகன்ற தட்டில் உள்ளங்கையால் பத்து நிமிடம் தேய்க்க. மஞ்சள் மறைந்து, வெளுத்து, நுரைத்ததுபோல் இலேசாகும். மைதாவை மூன்று தடவையாகத் தூவி, விரல் நுனிகளால் கூட்டுக, பிசையற்க. பிடித்தால் பிடி நிற்க வேண்டும். தட்டினால் உதிர வேண்டும். பிடி நிற்காவிடில் ஒரு தேக்கரண்டி நெய் சேர்க்கலாம். நீரோ பாலோ தெளிக்கற்க. இருபது கிராம் அளவில் இருபது உருண்டைகள் வரும். இலேசாகத் தட்டி, ஒவ்வொன்றுக்கும் இரு விரல் இடைவெளி விட்டு வைக்க, சூட்டில் விரியும்.

சூளை உள்ளவர்கள் முன்னரே சூடாக்கி 160 டிகிரியில் பதினைந்து முதல் பதினெட்டு நிமிடம் வைக்கலாம். இல்லாதவர்கள் என் தாயார் செய்தவாறு, கனத்த பாத்திரத்தில் இரு விரற்கடை மணல் பரப்பி, அதன்மேல் வளையம் வைத்து, மூடிப் பத்து நிமிடம் காயவிட்டு, தட்டை உள்ளே இறக்கி, சிறுதீயில் இருபது முதல் இருபத்தைந்து நிமிடம் வைக்க. மேலே வெளுத்து வெடித்து, அடி இலேசாகச் சிவந்ததும் இறக்குக. அப்போது தொட்டால் மெத்தென்றே இருக்கும். வேகவில்லை என்று எண்ணி மறுபடி உள்ளே வைத்துவிடாதீர்கள். ஆறும் மட்டும் கை வைக்காதீர்கள். ஆறிய பின்னரே அது நான்கத்தாய் ஆகும். இந்தக் கடைசி வரி என் தாயாருடையது, நான் விட்டுவிட்டது.

வாசகப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் எழுபதைக் கடந்த தாயோ, பாட்டியோ, மாமியாரோ இருந்தால், இந்த வாரமே ஓர் ஏட்டை எடுத்துக்கொண்டு அருகில் அமருங்கள். அவர் சொல்லும் சொல்லை அப்படியே எழுதுங்கள், கொச்சையென்று திருத்தாதீர்கள். 'கொஞ்சம்' என்று அவர் கையில் அள்ளுவதைத் தராசில் இட்டு எடையைக் குறியுங்கள். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். செய்தறியாத ஒருவரைச் செய்யச் சொல்லிப் பாருங்கள். தீன் கல்வியைக் காக்க நம் முன்னோர் வகுத்த ஒழுங்கில் ஒரு துளியை வீட்டுக் கல்விக்கும் தருவதில் தவறேதும் இல்லை.

கழிந்த நோன்புப் பெருநாளில் எங்கள் தட்டு மறுபடி எதிர்வீட்டுக்குப் போயிற்று. அவ்வீட்டு மூதாட்டி ஒன்றை எடுத்துப் பிட்டுப் பார்த்துவிட்டு, "அம்மா சுட்டது மாதிரியே இருக்கு" என்று சொல்லி அனுப்பினார். அல்ஹம்து லில்லாஹ். அப்பாராட்டு என் எழுத்துக்கு உரியதன்று. எழுத்தில் நான் அழித்ததை நினைவில் காத்து வைத்திருந்த சிற்றன்னையாருக்கு உரியது. அவருக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளையும் நலத்தையும் அருள்வானாக, ஆமீன்.